மங்கிய ஞாயிறும் இருண்ட காலமும்

கி.பி. 536. பேரரசர் ஜஸ்டினியனின் படைத்தலைவர் பெலிசாரியசோடு சென்றிருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ், அவ்வாண்டு முழுவதும் ஞாயிறு திங்களைப் போலக் கதிரின்றிக் காய்ந்தது என்று எழுதிவைத்தார். இத்தாலியில் கோத்திய அரசின் உயர் அலுவலராக இருந்த காசியோடோரஸ், ஞாயிறு நீலம் பாரித்துக் கிடந்ததையும், நண்பகலில் நிற்பவனுக்கு நிழல் விழாததையும் தம் உதவியாளருக்கு எழுதிய கடிதத்தில் வியந்துவிட்டு, கடந்த ஆண்டு விளைச்சலின் இருப்பைக் கொண்டு வரும் பற்றாக்குறையைச் சமாளிக்குமாறு கட்டளையிட்டார். சிரியாக் மொழி நாளேடு ஒன்று இந்த மங்கல் பதினெட்டு மாதம் நீடித்தது என்கிறது. அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகள் உணவு பொய்த்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கின்றன. சீனத்தில் கோடையில் உறைபனி விழுந்தது, பஞ்சம் வந்தது.

ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே செய்தியை எழுதினால் அதை நம்பலாம் என்பது சான்றாய்வின் முதற்பாடம். அதற்கு மேலும் இங்கே ஒரு சாட்சி உண்டு. அது எழுதத் தெரியாத சாட்சி. அயர்லாந்தின் கருவாலி மரங்களும், ஆல்ப்ஸ் மலையின் ஊசியிலை மரங்களும், சைபீரியாவின் அல்தாய் மலை மரங்களும் 536ஐ ஒட்டியும் பின்னர் 540ஐ ஒட்டியும் தம் வளையங்களை மிகக் குறுக்கிக்கொண்டிருக்கின்றன. 536இல் ஐரோப்பியக் கோடையின் வெப்பம் 1.6 முதல் 2.5 டிகிரி வரை குறைந்தது என்று இந்த வளையங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் குளிர் அத்துடன் விலகவில்லை. ஏறக்குறைய 660 வரை அது இழுத்துச் சென்றது என்று உல்ஃப் பூண்ட்கனும் அவருடைய குழுவினரும் 2016இல் எழுதினர்; அந்த நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிற்காலத் தொல்லுலகின் சிறு பனியுகம் என்று பெயரும் இட்டனர்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே தமிழ் கற்பித்துக்கொண்டிருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அறுநூறு அடி தோண்டியும் புகை மட்டுமே வரும் ஆழ்துளைக் கிணறுகளின் நாட்டில் சிறு பனியுகம் பற்றிப் பேசுவது சற்று நகைப்புக்கு இடமானதுதான். ஆயினும் அந்தக் கேள்வி நம் வகுப்பறைக்குள் தானே நடந்து வந்தது.

களப்பிரர் காலத்தைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது முதுகலை மாணவர் ஒருவர் எழுந்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு வட இந்தியா வரை சென்று கிணறு தோண்டும் குடும்பத்துப் பிள்ளை. "ஐயா, இருண்ட காலம் இருண்ட காலம்னு சொல்றாங்களே, அப்ப வானமே நெசமா இருட்டா இருந்திருந்தா?" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இணையத்தில் 536 பற்றி நிறையப் படித்திருந்தார். ஒரு பெரும் எரிமலை வெடித்தது, ஞாயிறு மறைந்தது, பருவமழை பொய்த்தது, இறையனார் களவியல் உரை கூறும் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் அதுவே, அந்த வற்கடத்தில் களப்பிரர் ஆட்சி ஆட்டங்கண்டது, அடுத்த தலைமுறையில் தெற்கே கடுங்கோனும் வடக்கே சிம்மவிஷ்ணுவும் தலையெடுத்தனர், நம் பகுதியின் நடுகற்கள் கூறும் ஆநிரைப் போர்கள் வறட்சியின் விளைவே. சங்கிலி போலக் கோத்துத் தந்தார். அதையே தம் ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொள்ளவும் விரும்பினார்.

உடனே மறுத்துவிடுவது எளிது. சங்கிலி அழகாக இருந்தது என்பதே நமக்கு முதல் ஐயத்தைத் தந்தது. ஆனால் அழகாக இருப்பதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. ஆகவே கண்ணி கண்ணியாக இழுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு பருவம் முழுவதும் மாலை வேளைகளில் அதுதான் நடந்தது.

முதற் கண்ணி, ஞாயிற்றை மறைத்தது எது என்பது. ரிச்சர்ட் ஸ்டாதர்ஸ் என்ற அறிவியலாளர் 1984இல் இந்த மங்கலை ஒரு புதிர் மேகம் என்று குறிப்பிட்டு, பாப்புவா நியூகினிப் பகுதியின் ரபால் எரிமலையைச் சுட்டினார். 2015இல் ரபாலின் அந்தப் பெருவெடிப்பை மீண்டும் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது அது 667க்கும் 699க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. ரபால் விலகிற்று.

1999இல் டேவிட் கீஸ் என்ற ஆங்கில இதழாளர் கிரகத்தோவாவை நிறுத்தினார். உரோமின் தளர்ச்சி, கொள்ளைநோய், மெக்சிகோவின் பெருநகர் ஒன்றின் வீழ்ச்சி என ஆறாம் நூற்றாண்டில் நேர்ந்த யாவற்றையும் அவர் அந்த ஒரே மலையின் வாயிலிருந்து வரவழைத்தார். அவர் காட்டிய இலக்கியச் சான்று ஜாவா மொழியின் அரசர் நூல். அது ஒரு மலை பிளந்து கடல் புகுந்ததைக் கூறுவது உண்மை. ஆனால் அது 19ஆம் நூற்றாண்டில் ரங்கவர்சித்தா தொகுத்தது. நிகழ்ச்சிக்கு அது தரும் காலமோ 416க்கு நிகரானது. கீஸ் அந்த ஆண்டை 535க்கு நகர்த்திக்கொண்டார். தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு பழக்கமான வாடை அடிக்கும். தலபுராணத்தில் ஒரு வெள்ளத்தைக் கண்டுபிடித்து, அதன் காலத்தை நமக்கு வேண்டிய நூற்றாண்டுக்குத் தள்ளிவைத்து, பிறகு அதையே சான்றாகக் காட்டும் கலை நம்மிடமும் வளமாக உண்டு.

எல் சல்வதோரின் இலோப்பாங்கோ எரிமலை நீண்ட நாள் வலுவான வேட்பாளராக இருந்தது. 2019இல்கூட அதை 539, 540ஐ ஒட்டி வைத்து ஒரு கட்டுரை வந்தது. மறு ஆண்டே, வெடிப்பின் சாம்பலுக்குள் கரிந்து கிடந்த ஒரு மரத்தையும் கிரீன்லாந்துப் பனியில் சிக்கிய கண்ணாடித் துகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அதன் காலம் 431, இரண்டாண்டு முன்பின் இருக்கலாம் என்று நிறுவினர். அதுவும் விலகிற்று. மலைகள் இப்படி ஒவ்வொன்றாக விலகுவதைப் பார்த்த நம் மாணவர் சற்றுச் சோர்ந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அப்படியானால் எரிமலைதானா என்பதே ஒரு காலத்தில் ஐயமாக இருந்தது. இந்தப் பகுதிதான் முழுக் கதையிலும் நமக்குப் பிடித்தது. எரிமலை வெடித்தால் கந்தகம் வானின் மேலடுக்குக்குச் சென்று நுண்துளிகளாக மாறி, வெயிலைத் தடுத்து, மெல்ல இறங்கித் துருவப் பனியில் அமிலப் படிவாகத் தங்கும். பனிப்பாளத்தைத் துளைத்து நீண்ட தண்டாக எடுத்து, ஆண்டுக்கு ஓர் அடுக்காக எண்ணிக்கொண்டே சென்றால் எந்த ஆண்டில் வெடிப்பு என்று சொல்லிவிடலாம். (இதை நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. குழாயிலிருந்து மேலே வரும் மண்ணின் நிறத்தைக் கொண்டே எத்தனையாவது அடியில் பாறை மாறிற்று என்று சொல்லும் வீட்டில் பிறந்தவர் அவர். வகுப்புக்கே அவர்தான் விளக்கினார்.) அப்படி எண்ணிச் சென்றவர்களுக்கு 536இல் பெரிய படிவு எதுவும் கிடைக்கவில்லை. 529ஐ ஒட்டி ஒன்றும், 533ஐ ஒட்டி ஒன்றும் இருந்தன. நூல்களும் மரங்களும் 536, 540 என்றன. பனி வேறு சொன்னது.

அந்த இடைவெளிக்குள்தான் வால்மீன் நுழைந்தது. பெல்ஃபாஸ்டின் மரவளைய ஆய்வாளர் மைக் பெய்லி, பனியில் எரிமலைத் தடயம் இல்லாததால் விண்ணிலிருந்து ஏதோ விழுந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அரைக் கிலோமீட்டர் அளவுள்ள வால்மீன் ஒன்று வளிமண்டலத்தில் சிதறினாலே இந்த விளைவுக்குப் போதும் என்று 2004இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் கணக்கிட்டுக் காட்டினர். பின்னர் 2014இல் டாலஸ் அபட்டும் உடனாய்வாளர்களும் கிரீன்லாந்துப் பனியில் நிக்கலும், விண்துகள் எனக் கருதத்தக்க நுண்கோளங்களும், வெப்பக் கடலின் நுண்ணுயிர் எச்சங்களும் கிடைத்ததாக எழுதி, 530இல் வந்துபோன ஹாலி வால்மீனின் தூசியை நினைவூட்டினர். அவர்களும் எரிமலையை முற்றாக விலக்கவில்லை.

பெய்லியின் பெருமை என்னவெனில், தம் வாதத்துக்கு அடித்தளமாக இருந்த அந்த முரணையே அவர் மறுபடி கிளறினார். மரம் பொய் சொல்லாது; எனவே பனியை எண்ணியவர்கள்தாம் ஏறக்குறைய ஏழு ஆண்டு தவறியிருக்க வேண்டும் என்று 2008இல் எழுதினார். அப்போது பலர் ஏற்கவில்லை. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுசா மியாகே, தேவதாரு இன மரங்களின் வளையங்களில் 774-775இல் கரிமம்-14 திடீரென எகிறியதைக் கண்டுபிடித்தார். விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சு வெள்ளம் அது. உலகெங்கும் ஒரே ஆண்டில் பதிந்தது. அதே வெள்ளம் பனியில் பெரிலியம்-10 ஆகப் பதிந்திருக்க வேண்டும் அல்லவா? மைக்கேல் சீகலும் அவருடைய குழுவினரும் தேடிப் பார்த்தனர். இருந்தது, ஆனால் பனிக் கணக்கில் அது ஏழு ஆண்டு முந்தி நின்றது. பனிக் கணக்கை மரத்தோடு பொருத்தியதும் 529 என்றது 536 ஆயிற்று. 533 என்றது 540 ஆயிற்று. 2015இல் இந்த முடிவு வெளியானபோது நூலும் மரமும் பனியும் முதன்முறையாக ஒரே ஆண்டைச் சொல்லின.

காலக்கணிப்பில் ஒரு முளை எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழாசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கயவாகு என்ற ஒரே முளையில் சங்க காலத்தையே கட்டிவைத்தவர்கள் நாம். அதே சிலப்பதிகாரத்தை எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வானியல் கணக்கால் 756க்குக் கொண்டுவந்தார்; கயவாகுவை நம்புவோர் இரண்டாம் நூற்றாண்டு என்றனர். இரண்டுக்கும் இடையே அறுநூறு ஆண்டு. அவர்கள் ஏழு ஆண்டுக்காக முப்பது ஆண்டு சண்டையிட்டிருக்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது.

ஆகவே முதற் கண்ணியில் நம் தீர்ப்பு: எரிமலைதான், அதுவும் ஒன்றன்று. 536இன் படிவு வடதுருவப் பக்கமே மிகுந்திருப்பதால் வெடித்தது வடக்கே உயர் அகலாங்கில் இருந்த மலை. 540இன் படிவு இரு துருவத்திலும் இருப்பதால் அது வெப்ப மண்டலத்து மலை. அடுத்தடுத்து விழுந்த இரண்டு அடிகளே அந்தப் பத்தாண்டை எழவிடாமல் செய்தன. வடக்கு மலை எது என்பதில் வழக்கு இன்னும் முடியவில்லை. சீகல் குழுவினர் கண்ட சாம்பல் துகள்கள் வட அமெரிக்காவைக் காட்டின. 2018இல் சுவிஸ் ஆல்ப்ஸின் பனித்தண்டில் கிடைத்த துகள்கள் ஐஸ்லாந்தைக் காட்டுவதாக மைக்கேல் மக்கார்மிக், பால் மயேவ்ஸ்கி குழுவினர் கூறினர். அந்தத் துகள்கள் மிகச் சில. அவற்றை மட்டும் நம்பி ஒரு நாட்டின்மீது பழி சுமத்த நமக்கு மனம் ஒப்பவில்லை. வால்மீன் தூசி ஓரளவு உடன் சேர்ந்திருக்கலாம். ஆனால் கந்தகக் கணக்கே குளிர்ச்சியை விளக்கப் போதுமானதாக இருக்கையில் வால்மீனுக்குத் தனியாக வேலை இல்லை.

ஞாயிறு நீலமாயிற்று என்ற காசியோடோரஸின் கூற்றை நம் மாணவர்கள் சிலர் கற்பனை என்றனர். அதற்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1883 ஆகஸ்டு 27இல் கிரகத்தோவா வெடித்தது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னையிலும் தென்னிந்தியாவின் பல ஊர்களிலும் இலங்கையிலும் ஞாயிறு பச்சையாகவும் நீலமாகவும் எழுந்தது, மறைந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிக்கி ஸ்மித் அந்தப் பச்சை ஞாயிற்றின் நிறமாலையை ஆராய்ந்து எழுதினார். (பின்னாளில் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தை உருவாக்கியவர் இவரே.) ஒரே அளவான நுண்துகள்கள் வானில் நிறைந்தால் செந்நிறம் சிதறிப்போய் நீலமும் பச்சையும் நம்மை வந்தடையும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் இத்தாலியில் ஓர் அலுவலர் கண்டதை நம் கொள்ளுத்தாத்தாக்கள் தம் வயலில் நின்று கண்டிருக்கக்கூடும்.

இனி இரண்டாம் கண்ணி. 536இன் மங்கல் இங்கே எட்டிற்றா?

இதற்கு ஒரே ஒரு சமகாலச் சாட்சி இந்தியாவின் பெயரைச் சொல்கிறது. அதுவும் நம் மாணவருக்கு எதிராக. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த யோவான் லூதோஸ் என்பவர், காற்றில் ஈரம் மிகுந்து திரண்டதாலேயே ஏறக்குறைய ஓராண்டு ஞாயிறு மங்கிற்று, விளைச்சல் அழிந்தது என்று காரணம் கூறிவிட்டு, அது ஐரோப்பாவில் எழுந்த ஈரம் ஆதலால் பாரசீகத்துக்கும் இந்தியாவுக்கும் தீங்கில்லை என்கிறார். முதலில் படித்தபோது இது வழக்கையே முடித்துவிடும்போலத் தோன்றியது. பிறகு அவர் எழுதியது நிமித்த நூல் என்பதைக் கவனித்தோம். கிழக்கு வறண்ட நிலம், அங்கே ஈரம் திரளாது என்பது அவருடைய கோட்பாடு. அந்தக் கோட்பாட்டிலிருந்து இந்தியாவைப் பற்றிய முடிவை அவர் இழுத்திருக்கிறார். இந்தியாவிலிருந்து வந்த செய்தி எதையும் அவர் காட்டவில்லை. எனவே இவரை நம் மாணவருக்கு எதிராகவும் நிறுத்த முடியாது.

நம் பக்கத்துச் சாட்சி யார்? அந்த ஆண்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இந்தியாவில் இருந்தார்: உஜ்ஜயினியின் வராகமிகிரர். 505ஐத் தொடக்கமாகக் கொண்டு கணக்கு எழுதியவர். அவருடைய பிருகத் சம்ஹிதையில் ஞாயிற்றின் நிறம் மாறுவதற்கும், தூசி மறைப்பதற்கும், வால்மீன்களுக்கும் பலன்கள் விரிவாக உண்டு. எவ்வளவு ஆசையோடு தேடினோம்! ஆனால் அவை கருக்கர், பராசரர் முதலிய முன்னோரின் மரபைத் தொகுத்தவை. இன்ன ஆண்டில் இது நேர்ந்தது என்று ஒரு சொல் இல்லை. இந்தியச் சாத்திர மரபு நிகழ்வைவிட விதியை விரும்பியது. அந்த விருப்பத்தின் விலையை ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்து நாம் கொடுக்கிறோம்.

இயற்கைச் சாட்சிகளும் ஏமாற்றுகின்றன. நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில் உள்ள கரிமண்ணை ஆராய்ந்து இரா. சுகுமார் முதலியோர் 1993இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. இருபதாயிரம் ஆண்டு வரை பின்னோக்கிப் புல்லும் மரமும் மாறிமாறி மேலோங்கிய வரலாற்றை அது சொல்கிறது. ஆனால் ஒரு கையளவு கரிமண்ணில் பல நூற்றாண்டு அடங்கிவிடும். ஒரு பத்தாண்டின் துன்பம் அதில் தெரியாது. ஆண்டு ஆண்டாகச் சொல்லும் கேரளத் தேக்கு வளையங்களோ 1481இல்தான் தொடங்குகின்றன. சத்தீஸ்கரின் தண்டக் குகையில் சொட்டி வளர்ந்த சுண்ணாம்புத் தூண் பருவமழையைப் பற்றித் தரும் பதிவு ஏறத்தாழ 600இல் தொடங்குகிறது. அறுபது ஆண்டு இடைவெளியில் நம் ஆண்டு நழுவிப்போகிறது.

கோட்பாடு என்ன சொல்கிறது என்றால், வடகோளம் குளிர்ந்தால் மழைப்பட்டை தெற்கே நகரும், இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை தளரும் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளி தென்மேற்கையும் வடகிழக்கையும் பங்கு போட்டு உண்ணும் நிலம். ஆடியில் பொய்த்தது ஐப்பசியில் வந்து ஈடுகட்டும் ஆண்டுகள் உண்டு. இரண்டும் சேர்ந்து பொய்க்கும்போதுதான் அழிவு. வடநாட்டுக்குச் சொல்லப்பட்ட கணக்கை அப்படியே கொல்லிமலை அடிவாரத்துக்கு மாற்றி எழுத முடியாது.

இனி அந்தப் பன்னிரண்டாண்டு வற்கடம். பாண்டிய நாட்டில் பஞ்சம் வந்தது. என்னால் உங்களைப் புரக்க இயலவில்லை, நாடு நாடாகும்போது என்னை நினைந்து வாருங்கள் என்ற பொருளில் மன்னன் புலவர்களை அனுப்பினான். பன்னிரண்டு ஆண்டு கழித்து மழை பெய்தபின் எழுத்தும் சொல்லும் வல்லார் திரும்பினர், பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர். தமிழ் இலக்கணமே பஞ்சத்தில் பட்டினி கிடந்தது என்று சொல்லும் இந்தக் கதை நம்மை ஒவ்வொரு முறையும் அசைக்கிறது. ஆனால் சான்றாக வரும்போது அதை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். இன்று நம் கையில் உள்ள உரை, ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் பாடிய கோவைப் பாடல்களை மேற்கோளாக எடுத்தாள்கிறது. எனவே அவனுக்குப் பிற்பட்டது. அதுவே தன்னைப் பத்துத் தலைமுறை வாய்வழி வந்ததாகக் கூறுகிறது. பன்னிரண்டு என்ற எண்ணும் ஐயத்துக்குரியது. மணிமேகலையின் ஆபுத்திரன் கதையிலும் பாண்டி நாட்டில் பன்னிரண்டு ஆண்டு மழையில்லை. சமணர் மரபில் பத்திரபாகு தெற்கே வந்ததும் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தால்தான். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவரும் காலம் அது. நீண்ட பஞ்சம் என்பதற்கு நம் முன்னோர் வைத்திருந்த வாய்பாடு என்றே தோன்றுகிறது.

பஞ்சம் உண்மை என்றே கொண்டாலும் அதற்கு எரிமலை வேண்டுமா? தாது வருடப் பஞ்சம் நம் மாவட்டத்தை எப்படி உண்டது என்பதற்கு ஆங்கிலேயரின் மக்கள் தொகைக் கணக்கே சான்று: 1871இல் 20 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த பழைய சேலம் மாவட்டம் 1881இல் 16 இலட்சமாகச் சுருங்கிற்று. அந்த 1876-78 பஞ்சத்துக்குப் பின்னால் இருந்தது பசிபிக் கடலின் எல் நீனோ. அதன்மேல் ஏறி நின்ற ஆட்சியின் தானியக் கொள்கை. கிரகத்தோவா வெடித்ததோ பஞ்சம் முடிந்து ஐந்தாண்டு கழித்து. இதுவே எழுத்தில்லாத காலத்தில் நடந்திருந்தால், ஏதோ ஒரு பனித்தண்டில் 1883இன் படிவைக் கண்டவர், இரண்டையும் முடிச்சிட்டு நமக்கு ஒரு நூல் எழுதித் தந்திருப்பார்.

களப்பிரர் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. இருண்ட காலம் என்பது வானிலைச் செய்தி அன்று. களப்பிரர் பறித்துக்கொண்ட ஒரு பிரமதேயத்தை மீட்டுத்தருவதைக் கூறும் வேள்விக்குடிச் செப்பேடு ஏறத்தாழ 770ஐச் சேர்ந்தது; கடுங்கோனைப் புகழும் அதன் பார்வையில்தான் அந்தக் காலம் இருண்டது. 470இல் மதுரையில் வச்சிரநந்தி திராவிட சங்கம் அமைத்ததைச் சமணர் மரபு கூறுகிறது. களப்பிர அரசன் அச்சுதவிக்கந்தன் காலத்துக் காவிரிநாட்டைப் பௌத்த ஆசிரியர் புத்ததத்தர் வளமானதாகவே காட்டுகிறார். கீழ்க்கணக்கு நூல்கள் பலவும் அந்த இருட்டில் எழுந்தவையே. உருவகத்தை நிகழ்ச்சியாகப் படிப்பதை, அணியிலக்கணம் நடத்தும் நாமே அனுமதித்தால் எப்படி?

எஞ்சியது நடுகல். மாணவர் விட்டுக்கொடுக்க மறுத்த இடமும் இதுவே. இங்கே அவர் கையில் உண்மையான கல் இருந்தது. செங்கத்திலும், 1965 வரை சேலம் மாவட்டமாகவே இருந்த தருமபுரிப் பகுதியிலும் ஆறாம் நூற்றாண்டின் வட்டெழுத்து நடுகற்கள் நிற்கின்றன. சிம்மவிண்ணபருமனின் ஆட்சியாண்டு பொறித்தவை அவற்றில் உண்டு. தொறுக் கொண்டதும் தொறு மீட்டுப் பட்டதும் அவற்றின் செய்தி. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் தொகுதியை அவர் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருந்தார். நாமக்கல் மலையின் அதியர் குடைவரைகள் எட்டாம் நூற்றாண்டுக்கு உரியவை. ஆறாம் நூற்றாண்டுக்கு நம் வட்டாரத்தில் பேசும் சான்று இந்தக் கற்களே. குளிர்ந்த பத்தாண்டுக்கு அடுத்த தலைமுறையில் மாடு பிடிக்கும் போர் பெருகியது என்று அவர் சொன்னபோது நாமும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

ஆனால் பெருகியது போரா, கல்லில் எழுதும் வழக்கமா? 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே ஆகோளில் பட்டவனுக்கு நின்றது. வெட்சியும் கரந்தையும் தொல்காப்பியத்தில் திணையும் துறையுமாகவே உள்ளன. மாடு செல்வமாக இருந்த முல்லை நிலத்தில் மாடு பிடிப்பதற்கு மழை பொய்க்க வேண்டியதில்லை. பல்லவ ஆட்சி பரவி, ஆட்சியாண்டிட்டு எழுதும் பழக்கம் ஊர்களுக்கு வந்ததுமே கற்கள் நமக்குப் பேசத் தொடங்கின. அதற்கு முன்னும் வீரர்கள் மடிந்திருப்பார்கள். கல் ஊமையாக நின்றிருக்கும்.

"அப்ப இது நடக்கவே இல்லைன்னு சொல்லிடலாமா ஐயா?" என்றார். அப்படியும் சொல்ல முடியாது என்றோம். வடகோளத்தையே குளிர வைத்த இரண்டு வெடிப்புகள் இந்தச் சமவெளியை மட்டும் தொடாமல் விட்டிருக்கும் என்று நம்பக் காரணம் இல்லை. தொட்டது என்று காட்டும் சான்றும் இல்லை. ஆய்வேட்டில் இவ்விரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து நிற்க வேண்டும். இடையே 'ஆகவே' என்ற சொல் வரக்கூடாது என்பதே நாம் இட்ட ஒரே நிபந்தனை.

அவர் தலைப்பை மாற்றிக்கொண்டார். இப்போது எரிமலை முன்னுரையில் மட்டும் இருக்கிறது. தொறுப்பூசல் நடுகற்களை ஆட்சியாண்டு வாரியாக அடுக்கி, எந்தக் கல் எந்த ஆற்றங்கரையில், எந்த மலைச்சரிவில் நிற்கிறது, அங்கிருந்து அடுத்த நீர்நிலை எவ்வளவு தொலைவு என்று பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறார். விடுமுறை நாள்களில் அண்ணனின் வண்டியோடு அரூர்ப் பக்கம் போனால், கிணறு தோண்டும் இடத்திலிருந்து நடந்துபோய் ஒரு கல்லையாவது பார்த்துவிட்டு வருகிறார். சென்ற வாரம் கொண்டுவந்த படத்தில் கல்லின் கீழ்ப்பாதி மண்ணுக்குள் இருந்தது. ஆட்சியாண்டு இருக்க வேண்டிய வரி அங்கேதான். ஊர்க்காரர்களிடம் பேசி, தொல்லியல் துறைக்கு முறைப்படி விண்ணப்பித்துவிட்டுத்தான் தோண்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.